வாடகைக்கு ஒரு அப்பப்பா

அருள்நாயகத்துக்கு அவசரமாக ஒரு அப்பப்பா தேவைப்பட்டார். தகப்பனைப் பெற்றவர் என்று சொந்தத்தில் ஒருவர் இருந்தார்தான். ஆனால் அவர் விதானையாராக, கிராம அதிகாரியாக இருந்து, ஊரையே வெருட்டிவிட்டு, சுருட்டுப் புகையோடு போய்ச்சேர்ந்தவர். இந்த வேலைக்கு உதவமாட்டார். இப்போது வேண்டியிருந்தது சவரக்கத்தி பிடித்த அப்பப்பா.

எல்லாம் ஒரு விண்ணப்பப் படிவத்தால் வந்த வினை.

அருள்நாயகம் கனடாவில், ஸ்காபரோவில், இருபது வருடமாக வீடு விற்பவர். ரூஜ் பக்கத்தில் ஒரு மழைநீர் வாய்க்காலை ‘ஏரிக் காட்சி’ என்று விளம்பரத்தில் போட்டு விற்று, வாங்கிய குடும்பத்திடமிருந்து நன்றி அட்டையும் பெற்றுக்கொண்டவர். வீட்டுச் சந்தை படுத்த வருடத்தில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. டவுன்ரவுணில் தலைமயிர் வெட்டப் போன இடத்தில், கையில் ஒரு கிளாஸ் ஷாம்பெயினைக் கொடுத்து நாலு மடங்கு கூலி கேட்டார்கள். காசு போனது அவருக்கு வலிக்கவில்லை. அதை வாங்கியவன் தானில்லையே என்பதுதான் வலித்தது. ஆறு மாதத்துக்குள் வோபர்னில், கொத்துரொட்டிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில், ‘ரோயல் பிளேட் அண்ட் பபிள்ஸ்’ எழும்பிவிட்டது. ஆறு தோல் கதிரைகள், கூரையில் கண்ணாடிச் சரவிளக்கு. யாராவது ‘சலூன்’ என்று வாய்தவறிச் சொன்னால் அருள்நாயகம் நின்ற இடத்தில் திருத்துவார்: “லவுஞ்.”

அந்த நேரத்தில்தான் வொத்ரான் என்கிற பிரெஞ்சு ஷாம்பெயின்காரரின் படிவம் வந்தது. ஷாம்பெயின் செய்கிற நிறுவனத்தை அவர்கள் ‘வீடு’ என்றுதான் சொல்வார்களாம்; வொத்ரான் வீடு சின்னது, ஆனால் பழையது. ஒவ்வொரு நகரத்திலும் ஒரேயொரு கைவினைக் கடையைத் தெரிந்தெடுத்து, பித்தளைத் தகடு ஒன்றைச் சுவரில் அறைவார்களாம். அந்தத் தகடு இருந்தால் உள்ளே வருகிறவன் விலையை வாசிக்கமாட்டான் என்பது அருள்நாயகத்தின் கணிப்பு. படிவத்தில் நாலாவது கேள்வி: இந்தத் தொழில் உங்கள் குடும்பத்தில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது? வாய்க்காலை ஏரியாக்கிய அதே கை, ‘மூன்று’ என்று எழுதியது. ஐந்தாவது கேள்வி: முதல் தலைமுறையின் படம் ஒன்றை இணைக்கவும்.

அங்கேதான் கை நின்றது.

கடையில் வேலைசெய்த நாலு பேரில் மூன்று பேர் கொலிஜ் ஒன்றில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தவர்கள். நாலாவது ஆள் பேனாட். ஐம்பத்தைந்து வயது, கொஞ்சம் கூனல், பேச்சு குறைவு. அவனுடைய கை நல்லதென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் முகம் தோல் கதிரைகளுக்குப் பொருந்தவில்லை என்று அருள்நாயகம் அவனைக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் வைத்திருந்தார். பேனாட்டின் பணப்பையில் அவனுடைய அப்பப்பா சீமோனின் படம் இருந்தது. ஸ்ரூடியோத் திரைக்கு முன்னால், கக்கத்தில் சவரப் பெட்டியோடு, சண்டைக்குப் போகிறவர்போல விறைத்துக்கொண்டு நின்றார் சீமோன்.

“பேனாட், உம்மடை அப்பப்பாவை ஒருக்கால் தாருமன்.”

“ஆளைத் தரேலாது அண்ணை, செத்து நாப்பது வரியம்.”

“படத்தைத்தான் ஐசே. ஒரு சின்ன வேலைக்கு. என்ரை அப்பப்பா எண்டு போடப்போறன்.”

பேனாட் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். கழிவறைக்குப் பக்கத்தில் நின்று அவன் சிரித்ததை அருள்நாயகம் அதுவரை கண்டதில்லை.

“விதானையாருக்கு என்ன குறை?”

“அவர் கத்தி பிடிக்கேல்லையே.”

“பிடிச்சவர் அண்ணை. எங்கடை ஆக்களின்ரை கழுத்திலை.”

அருள்நாயகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாபாரத்தில் சில விஷயங்கள் கேட்காமல் போனால்தான் விலை படியும். புது மெஷின் வாங்கித் தாறன் என்றார். பேனாட் தலையாட்டினான், வேண்டாம் என்று. சனிக்கிழமை லீவு என்றார். அதுவும் வேண்டாமாம்.

“யன்னல் கரைக் கதிரை,” என்றான் பேனாட்.

அதுதான் கடையின் முதல் கதிரை. தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற ஒரே கதிரை. அருள்நாயகம் நெஞ்சைப் பிடித்தார், கூரையைப் பார்த்தார், வாசல்வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தார். வாங்குகிறவன் செய்கிற கூத்தெல்லாம் செய்துபார்த்தார். பேனாட் துவாயை மடித்துக்கொண்டு நின்றான்.

“சரி, எடும்.”

“இன்னொரு சொல்லும் இருக்கு. படம் தாறது, தகடு வாற நாள் பின்னேரம் அஞ்சு மணி வரைக்கும். அதுவரைக்கும் ஆர் கேட்டாலும் அவர் உங்கடை அப்பப்பா. ஆர் கேட்டாலும். இல்லையெண்டு நீங்கள் சொல்லக்கூடாது.”

“நான் ஏன் ஐசே சொல்லப்போறன்?” என்றார் அருள்நாயகம். இருபது வருடம் ஒப்பந்தங்களோடு குடும்பம் நடத்திய மனிதர், இந்த வரியை மட்டும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

படிவம் பாரிசுக்கோ எங்கேயோ போனது. பத்தாம் நாள் பதில் வந்தது: தெரிவாகிவிட்டது. வொத்ரான் வீட்டுக்காரரே ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்து தகடு கொடுப்பார். ஒரேயொரு நிபந்தனை. கடை உரிமையாளரே தன் கையால் வொத்ரானின் முகத்தை வழிக்கவேண்டும்.

அருள்நாயகம் தன்னுடைய முகத்தையே மின்சார மெஷினால் வழிப்பவர். ஆனால் அவர் கலங்கவில்லை. இப்போதைய சவரக்கத்தியில் பாதி பிளேட்டைச் செருகித்தான் வழிக்கிறார்கள். செருகாமல் விட்டால்? வெறும் பிடியால் நுரையை ஒரு இழுப்பு இழுத்தால் கமெராவுக்குச் சவரம்தான். முதல் இழுப்பு முதலாளி, மிச்சம் பேனாட். பேச்சும் தயாராக இருந்தது. “ஷாம்பெயினும் சவரமும் ஒரே கலை. ரெண்டிலையும் நுரை வரும்.” இரு பெருங் கைவினைகளைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில் மூன்று விதமாகச் சொல்லிப் பழகியிருந்தார்.

இந்த ஏற்பாட்டில் அவர் யோசிக்காத ஆள் ஒருவர் இருந்தார். சச்சிதானந்தன்.

மகன் மிதுனனுக்குச் சச்சிதானந்தனின் மகள் தனுஷிகாவைப் பேசி முடித்திருந்தது. பிள்ளைகள் இருவரும் நாலு வருடமாகச் சோடியாகத் திரிந்தவர்கள்தான். ஆனாலும் தரகர் வைத்து, சாதகம் பார்த்து, ஊரில் என்ன பகுதி, என்ன சாதி என்று மூன்று இடத்தில் விசாரித்துத்தான் பெரியவர்கள் சம்மதித்தார்கள். கனடாவில் காதலிக்கப் பத்து நிமிடம் போதும். சம்மதிக்க யாழ்ப்பாணத்துக்குப் போன் போடவேண்டும். அடுத்த மாதம் எழுத்து, கல்யாணப் பதிவு. அருள்நாயகத்துக்கு அந்தச் சம்பந்தத்தைவிடப் பெரிய பெருமை வேறு இல்லை. சச்சிதானந்தன் இரண்டு கோவில்களில் தலைவர். மூன்றாவதில் வழக்கு நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை வொத்ரான் வீட்டு விளம்பரக்காரர்கள் சீமோனை ஆளுயரப் பதாகையாக அடித்துக்கொண்டு வந்து யன்னலில் நிறுத்தினார்கள். ‘மூன்று தலைமுறை நாவிதக் குடும்பம்’ என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து. கழுத்தில் தொங்கிய சின்னச் சிலுவையை அழித்துவிடச் சொல்லி அருள்நாயகம் எழுதியிருந்தார். அவர்களுக்கு அது பிடித்துப்போய்த் தங்க நிறம் பூசியிருந்தார்கள். படத்தை இன்ஸ்ரகிராமிலும் ஏற்றிவிட்டார்களாம்.

“சனத்துக்கு இங்கிலிஷ் இன்ஸ்ரகிராம் பாக்க எங்கை நேரம்?” என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார் அருள்நாயகம்.

வொத்ரான் சொன்ன நேரத்துக்கு வந்தார். எழுபது வயது, மண் பிடித்த சப்பாத்து, பெரிய கைகள். அருள்நாயகம் எதிர்பார்த்த பட்டுக் கழுத்துப்பட்டியைக் காணவில்லை. தாடையில் இரண்டு நாள் மயிர். அருள்நாயகம் நுரைப் பேச்சைத் தொடங்கினார். கிழவர் தலையை ஆட்டிக்கொண்டு, அவருடைய தோளுக்கு மேலால் பேனாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாட் யன்னல் கரைக் கதிரைக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் சவுக்காரத்தை அடித்துக்கொண்டு நின்றான். தோள் அசையவில்லை, முழங்கை அசையவில்லை. மணிக்கட்டு மட்டும் சுழன்றது. பெரிய குமிழெல்லாம் உடைந்து, நுரை தயிர்போல இறுகும்வரைக்கும் அடித்தான். பிறகு ஐஸ் வாளிக்குள் இருந்த போத்தலைத் துடைப்பதற்குத் தூக்கினான். தூக்கின கை, தன்னையறியாமல், அடியைப் பிடித்து ஒரு சின்னத் திருப்புத் திருப்பியது. வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு. ஒரு துளி அதிர்வில்லை.

வொத்ரான் அருள்நாயகத்தை இருந்த இடத்தில் விட்டுவிட்டு எழுந்து போனார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். பேனாட் பிரெஞ்சிலேயே மறுமொழி சொன்னான்.

அருள்நாயகம் அவர்களுக்கு நடுவில் போய் நின்றார். “பேனாட், உமக்கு உது தெரியுமோ?”

“பிரான்சிலை ஒன்பது வரியம் கிடந்தனான் அண்ணை.”

“எனக்குச் சொல்லேல்லையே!”

“நீங்கள் கேக்கேல்லையே.”

விசா இல்லாமல் நின்ற காலத்தில் முந்திரிகைத் தோட்டத்தில் திராட்சைப்பழம் பிடுங்கப் போனவன், பிறகு நிலவறையில் போத்தல் திருப்புகிற வேலைக்கு நின்றிருக்கிறான். தலைகீழாகச் சரித்து அடுக்கின ஆயிரக்கணக்கான போத்தல்களை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். உள்ளே இருக்கிற மண்டி கலங்காமல் மெல்ல மெல்ல இறங்கிக் கழுத்துக்கு வரவேண்டும். உலுக்கினால் அவ்வளவுதான். வொத்ரானின் தகப்பனும் அதே வேலையில் இருந்துதான் வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆனவராம். இரண்டு பேரும் காற்றிலேயே கைகளைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்னவாம்?” என்று கேட்டார் அருள்நாயகம்.

“போத்தல் திருப்பின கை சுறுக்காக் கத்தி பிடிக்கும் எண்டுறார். ரெண்டிலையும் வேலை தெரியக்கூடாதாம். போத்தலிலை மண்டி தெரியக்கூடாது, முகத்திலை கத்தி போன தடம் தெரியக்கூடாது. அவசரப்பட்டால் ரெண்டும் காட்டிக்குடுக்கும்.”

“நுரையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை அண்ணை.”

ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான். வொத்ரான் யன்னல் கரைக் கதிரையில் போய்ச் சாய்ந்தார். பேனாட் சுடுதுவாய் போட்டு, எடுத்து, கன்னம் முழுக்க நுரை தடவினான். கமெராக்காரி கிட்ட வந்தாள். அருள்நாயகம் பிளேட் இல்லாத கத்தியை எடுத்துக் கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு இழுப்பு. அவ்வளவுதான். தகடு சுவரில்.

அப்போதுதான் கதவு திறந்தது.

“அருள்! வெளியாலை ஒரு படம் நிக்குது. ஆரது?”

சச்சிதானந்தன். கோவிலிலிருந்து நேராக வந்திருக்கிறார். நெற்றியில் திருநீறு காயவில்லை. கையில் போன், போனில் சீமோன்.

அருள்நாயகம் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கண்ணாடிகள் நிறைந்த கடையில் முதுகுக்குப் பின்னால் என்று ஒரு இடம் கிடையாது. ஆறு கண்ணாடியிலும் கத்தி தெரிந்தது.

“வாங்கோ, வாங்கோ. அது ஒரு விளம்பரம்.”

“உங்கடை அப்பப்பா எண்டு போட்டிருக்கு. என்ரை மூத்தவள் அனுப்பினவள். நாங்கள் மூண்டு இடத்திலை விசாரிச்சனாங்கள், அருள். ஒருத்தரும் உதைச் சொல்லேல்லை. கழுத்திலை குருசு வேறை! சவரம் எண்டாலே எங்கடை வீட்டிலை தாங்காயினம். வேதக்காரருமோ?”

“மெல்லமாக் கதையுங்கோ.”

“ஏன் மெல்லமா? உந்த வெள்ளையின்ரை முகத்திலை நீங்கள் கை வைச்சியள் எண்டால் நான் இந்தக் கதவாலை போயிடுவன். எழுத்தும் இல்லை, ஒண்டும் இல்லை. பிள்ளையளுக்கு நீங்களே சொல்லுங்கோ.”

கதிரையில் சாய்ந்திருந்த கிழவர் ஒரு கண்ணைத் திறந்து, ஏதும் பிரச்சினையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். “நோ, நோ, ஃபமிலி,” என்றார் அருள்நாயகம். நுரை கன்னத்தில் ஓரங்களில் வெள்ளையாகக் காயத் தொடங்கியிருந்தது.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விலை சொல்லி அருள்நாயகத்துக்குப் பழக்கம் உண்டு. விற்கிறவனுக்கு ஒரு கதை, வாங்குகிறவனுக்கு ஒரு கதை. இரண்டு பேரும் ஒரே அறைக்குள் நிற்காதவரைக்கும் அது நல்ல தொழில். இன்று நின்றார்கள். அவர் பேனாட்டின் காதுக்குள் குனிந்தார்.

“பேனாட், நீர் சொல்லும். அது உம்மடை அப்பப்பா எண்டு இவருக்குச் சொல்லும். வெள்ளைக்கு விளங்கக்கூடாது.”

“அஞ்சு மணிக்குச் சொல்லுறன் அண்ணை.”

“என்ன?”

“வாடகை அஞ்சு மணி வரைக்கும். இப்ப பதினொண்டரை. இன்னும் அஞ்சரை மணித்தியாலத்துக்கு அவர் உங்கடை அப்பப்பாதான்.” பேனாட் சச்சிதானந்தன் பக்கம் திரும்பினான். குரல் வெகு மரியாதையாக இருந்தது. “ஓம் ஐயா. அருள் அண்ணையின்ரை அப்பப்பா சீமோன். எனக்கும் அவர் அப்பப்பா முறைதான். அண்ணை சொல்ல வெக்கப்படுறார். எங்கடை குடும்பத்திலை அண்ணைதான் நல்லாப் படிச்சவர்.”

சச்சிதானந்தன் ஒரு அடி பின்னுக்கு வைத்தார். எதையோ மிதித்துவிட்டவர்போலச் சப்பாத்தைப் பார்த்தார்.

அருள்நாயகத்தின் கண்ணுக்கு முன்னால் தகடு ஒரு பக்கமும் சம்பந்தம் ஒரு பக்கமும் நின்றன. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்றும் நின்றது. சவரப் பெட்டிக்காரனின் பேரன் என்று ஒரு சபையில் தன்னைப் பார்த்து ஒருவன் சொல்லிவிட்டான்; அது உண்மையில்லை என்று தெரிந்தும் அவருடைய காது சுட்டது. ஒரு கிழமையாக அவர் இங்கிலிசில் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்தான். அப்போதெல்லாம் இனித்தது. தமிழில் கேட்டபோது கசந்தது.

“இல்லை!” என்று கத்தினார். “அது என்ரை அப்பப்பா இல்லை! என்ரை அப்பப்பா விதானையார்! நாங்கள் உந்த ஆக்கள் இல்லை! உந்தக் கத்தியை எங்கடை பரம்பரையிலை ஒருத்தன் தொட்டதில்லை!”

சொல்லிக்கொண்டு அவர் ஆட்டிய கையில் கத்தி இருந்தது. பிளேட் இல்லாத வாய் விளக்கு வெளிச்சத்தில் பொக்கையாகத் தெரிந்தது. கமெராக்காரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் கத்தியும், அதில் பிளேட் இல்லாததும் அவளுக்கு விளங்கின.

வொத்ரான் எழுந்து உட்கார்ந்தார். பேனாட்டைப் பார்த்துப் பிரெஞ்சில் கேட்டார். பேனாட் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், முழுவதையும் சொன்னான். விதானையார் என்பதற்கு மட்டும் ஒரு கணம் யோசித்து, கழுத்தை நெரிப்பதுபோலச் சைகை காட்டினான்.

கிழவர் அருள்நாயகத்தைக் கோபமாகப் பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். மண்டி கலங்கிப்போன போத்தலைத் தள்ளி வைப்பதுபோல அந்தப் பார்வை அவரைவிட்டு நகர்ந்தது. பிறகு பேனாட்டிடம் ஒரு கேள்வி, அதற்கு ஒரு மறுமொழி. கிழவர் திரும்பவும் கதிரையில் சாய்ந்தார்.

“என்னவாம்?” அருள்நாயகத்தின் குரல் இறங்கியிருந்தது.

“படத்திலை நிக்கிறவர் அப்ப ஆற்றை அப்பப்பா எண்டு கேட்டார். என்ரை எண்டன். நுரை காயுது, வேலையைப் பார் எண்டுறார்.”

“தகடு?”

“தகடு சுவருக்கு இல்லையாம் அண்ணை. கைக்காம். கை எங்கை போகுதோ அங்கை.”

காய்ந்த நுரையை வழித்துத் துடைத்துவிட்டு, பேனாட் புதிதாக அடித்தான். புது பிளேட் செருகினான். இடது கை விரலால் தோலை இழுத்துப் பிடித்து, காதடியிலிருந்து தாடைவரைக்கும் கத்தியை இறக்கினான். சத்தம் மட்டும் வந்தது. மெல்லிய கடுதாசி கிழிவதுபோல.

அருள்நாயகம் அடுத்த கதிரையின் கையில் குந்திவிட்டார். போச்சு. எல்லாம் போச்சு. அவருடைய தோளில் ஒரு கை விழுந்தது. நிமிர்ந்தார். சச்சிதானந்தன் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

“அருள், இப்பத்தான் எனக்கு வயிறு குளிர்ந்தது. சபையிலை நெஞ்சை நிமித்திச் சொன்னியள் பாருங்கோ. விதானையாற்றை பேரன்தான்!”

“நான் வெள்ளைக்குப் பொய் சொன்னது?”

“அது வியாபாரம். அதை ஆர் கேக்கிறது?” சச்சிதானந்தன் குரலைத் தாழ்த்தினார். அவருடைய கண் பேனாட்டின் கையிலேயே இருந்தது. கத்தி போன இடத்தில் வொத்ரானின் கன்னம் குழந்தைப் பிள்ளையின் கன்னம்போல வந்துகொண்டிருந்தது. சச்சிதானந்தன் தன்னுடைய தாடையைத் தடவினார். “உவன்ரை கை நல்ல கை, என்ன? இவர் எழும்பினாப் பிறகு எனக்கும் ஒருக்கால் இழுக்கச் சொல்லுங்கோ. வந்ததுதான் வந்திட்டன்.”

“பேனாட், ஐயாவுக்கும் ஒருக்கால்...”

பேனாட் கத்தியைத் துவாயில் துடைத்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

“அப்பொயின்ற்மென்ற் எடுக்கச் சொல்லுங்கோ அண்ணை. ஆர் கேட்டாலும் அதுதான்.”

கோவில் தலைவர் சுவரோரத்து நாற்காலியில் போய், தன்னுடைய பெயரைக் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கையோடு அமர்ந்தார். வொத்ரான் கண்ணை மூடியபடியே கையை நீட்டினார். கையில் வெறுங் கிளாஸ். பக்கத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தவர் அருள்நாயகம் ஒருவர்தான். அவரைப் பார்த்தால் பரிமாறுகிறவர்போலத்தான் இருந்தது. அவர் வாளியிலிருந்து போத்தலை எடுத்து, தக்கையைக் கழற்றி, அவசரமாகக் கவிழ்த்தார். நுரை கிளாசை மீறிக் கிழவரின் விரலில் வழிந்து, அருள்நாயகத்தின் இத்தாலியச் சப்பாத்தில் சொட்டியது.

“சாய்ச்சுப் பிடியுங்கோ அண்ணை,” என்றான் பேனாட். “மெல்லமா. கிளாசின்ரை கரையாலை.”

அருள்நாயகம் சாய்த்துப் பிடித்தார்.